யானையின் காலமும் மண்ணுயிரின் காலமும்

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1926 ஆம் ஆண்டு, ஆல்பர்ட் யான் கிளைவர் என்ற நுண்ணுயிரியல் பேராசிரியர் ஒரு வாக்கியம் எழுதினார். யானை முதல் பியூட்டிரிக் அமில பாக்டீரியா வரை எல்லாம் ஒன்றே என்பது அதன் சாரம். பியூட்டிரிக் அமிலம் என்பது கெட்டுப்போன வெண்ணெயில் மூக்கைச் சுளிக்க வைக்கும் நாற்றத்தைத் தருகிற பொருள். காற்றில்லாத சேற்றிலும் ஈர மண்ணிலும் வாழ்ந்து அதை உண்டாக்குகிற பாக்டீரியாவையும், தரையில் நடமாடும் உயிர்களில் மிகப் பெரியதையும் அவர் ஒரே நூலில் கோத்துவிட்டார். தானே செய்த நுண்ணோக்கியில் லேவன்ஹூக் முதன்முதலில் பாக்டீரியாவைக் கண்ணால் பார்த்ததும் இதே டெல்ஃப்ட்டில்தான். பின்னர் பிரான்சின் உயிரியலாளர் ஜாக் மோனோ, குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு உண்மையானது யானைக்கும் உண்மை என்று அதே கருத்தை வேறு சொற்களில் சொன்னார். மூலக்கூறு உயிரியலே அந்த நம்பிக்கையின் மேல் எழுந்தது என்றால் மிகையாகாது.

அந்த வாக்கியம் எவ்வளவு தூரம் சரி, எந்த இடத்தில் உடைகிறது என்று பார்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை. யானை என்று பொதுவாகச் சொல்வதை விட்டு, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 1986 முதல் 'அழிவாய்ப்பில் உள்ள இனம்' என்று நிற்கிற ஆசிய யானையை எடுத்துக்கொள்கிறேன். மண்ணிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்கிறேன். பெயர் புதிதாகத் தோன்றினாலும் நம் எல்லோருக்கும் அது பழக்கமானதுதான். கோடையில் முதல் தூறல் விழுந்ததும் எழும் மண்வாசனைக்குப் பெரும்பகுதிக் காரணம் இந்த பாக்டீரியா தயாரிக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள். ஒரு லட்சம் கோடிப் பங்கு காற்றில் சில பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு அதை அறிந்துகொள்ளும். 1965 இல் அதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தவர்கள் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை இன்னொரு காரணத்துக்காக மறுபடியும் சந்திக்க வேண்டியிருக்கும்.

முதலில் ஒற்றுமை. வளர்ந்த ஆண் யானை நான்கு டன்னுக்கு மேல் எடை கொண்டது. ஸ்ட்ரெப்டோமைசிஸின் ஸ்போர், அதாவது விதை போல உறங்கிக் கிடந்து பிறகு முளைக்கும் அதன் செல், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் யானையின் செல் யானை அளவுக்குப் பெரியதாக இருப்பதில்லை. எலியின் கல்லீரல் செல்லையும் யானையின் கல்லீரல் செல்லையும் நுண்ணோக்கியில் அருகருகே வைத்தால் அளவில் பெரிய வேறுபாடு தெரியாது. யானை பெரிதாக இருப்பது செல்கள் பெரிதாக இருப்பதால் அன்று, எண்ணிக்கையால். அந்தச் செல்லுக்குள் போனால் கிளைவர் சொன்னது கண்முன் விரிகிறது. மரபுச் செய்தி இருவருக்கும் டி.என்.ஏ. என்ற ஒரே எழுத்துமுறையில் இருக்கிறது. மூன்றெழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்ற அகராதியும் ஒன்றே. ஆற்றலைக் கைமாற்றும் நாணயம் இருவருக்கும் ஏ.டி.பி. அந்த நாணயத்தை அச்சடிக்கும் சுழல் இயந்திரமும் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. இன்னும் ஒரு படி மேலே போகலாம். யானையின் ஒவ்வொரு தசை அசைவுக்கும் ஆற்றல் தருகிற மைட்டோகாண்டிரியாவே, நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வேறொரு செல்லுக்குள் குடியேறிய பாக்டீரியாவின் வழித்தோன்றல்தான். யானை நடக்கிறது என்றால் அதன் கால்களுக்குள் பழைய பாக்டீரியாக்கள் உழைக்கின்றன என்று பொருள்.

மரபணுக்களின் கணக்கு இன்னும் வியப்பானது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்ற இனத்தின் முழு மரபணுத்தொகுதி 2002 இல் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 87 லட்சம் எழுத்துகள், 7,825 மரபணுக்கள். நாம் ரொட்டியில் சேர்க்கும் ஈஸ்ட்டிடம் ஆறாயிரம் அளவில்தான் இருக்கின்றன. யானையிடம் முந்நூறு கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள் இருந்தாலும், புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000 மட்டுமே. எழுத்தில் ஏறத்தாழ 380 மடங்கு, மரபணுவில் இரண்டரை மடங்கு. மண்ணில் ஒரு பொடியாகக் கிடக்கும் உயிருக்கு இத்தனை மரபணுக்கள் எதற்கு? மண் அப்படிப்பட்ட இடம். இன்று ஈரம், நாளை வறட்சி. இன்று உதிர்ந்த இலை, நாளை செத்த வண்டின் ஓடு. பக்கத்தில் உணவுக்குப் போட்டியிடும் ஆயிரம் பாக்டீரியாக்கள், பூஞ்சைகள். யானைக்கு வறட்சி வந்தால் நடந்துபோகும். நடக்க முடியாத உயிர், வரக்கூடிய நிலைமைகள் அத்தனைக்குமான கருவிகளையும் உடம்பிலேயே சுமக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கருவிகளில் ஒரு பகுதிதான் போட்டியாளர்களுக்கு எதிராக அது பயன்படுத்தும் வேதிப்பொருள்கள். இன்று மருத்துவத்தில் இருக்கும் ஆன்டிபயாட்டிக்குகளில் பெரும்பாலானவை ஸ்ட்ரெப்டோமைசிஸிடமிருந்தும் அதன் உறவினர்களிடமிருந்தும் வந்தவை.

இங்கேதான் 'எல்லாம் ஒன்றே' என்ற வாக்கியத்தில் ஒரு விரிசல் தெரிகிறது. அந்த விரிசலில்தான் கோடிக்கணக்கான உயிர்கள் பிழைத்திருக்கின்றன என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1943 அக்டோபரில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் பயின்ற ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர், எரு நிறைந்த தோட்டத்து மண்ணிலிருந்தும் ஒரு கோழியின் தொண்டையிலிருந்தும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அது சுரந்த பொருள் ஸ்ட்ரெப்டோமைசின். காசநோய்க் கிருமியைக் கொல்லக்கூடிய முதல் ஆன்டிபயாட்டிக் அதுதான். 1952 இல் அந்தக் கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. ஆய்வகத்தின் அடித்தளத்தில் காசநோய்க் கிருமியோடு நாள்கணக்கில் உட்கார்ந்திருந்த மாணவரை விட்டுவிட்டு ஆசிரியருக்கு மட்டும் மாலை போட்டது அநீதி என்றே நான் நினைக்கிறேன்.

ஸ்ட்ரெப்டோமைசின் என்ன செய்கிறது? செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் என்ற பட்டறைக்குள் நுழைந்து, மரபுச் செய்தியைத் தப்பும் தவறுமாகப் படிக்க வைக்கிறது. ரைபோசோம் எல்லா உயிருக்கும் பொது. கிளைவர் நூற்றுக்கு நூறு சரியாக இருந்திருந்தால், காசநோய்க் கிருமியைக் கொல்லும் அந்த மருந்து நோயாளியையும் சேர்த்தே கொன்றிருக்கும். அப்படி நடக்காததற்குக் காரணம், பாக்டீரியாவின் ரைபோசோமுக்கும் விலங்கின் ரைபோசோமுக்கும் இடையே உள்ள சிறு எழுத்து வேறுபாடுகள். ஒற்றுமைக்கும் அங்கே சான்று இருக்கிறது. இந்த மருந்து சிலருக்குக் காது கேளாமையை உண்டாக்குகிறது. காதின் உள்செல்களில் இருக்கும் மைட்டோகாண்டிரியாவின் ரைபோசோம் இன்னும் பழைய பாக்டீரியாச் சாயலை விடாமல் வைத்திருப்பது அதற்கு ஒரு காரணம். பாக்டீரியா மூதாதை நம் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு, பாக்டீரியாவுக்கு வைத்த நஞ்சைத் தானும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது.

இந்தக் கதையில் யானைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். யானைக்கும் காசநோய் வருகிறது. தந்தது மனிதன். 1996 இல் அமெரிக்காவில் சர்க்கஸ் யானைகள் இரண்டு காசநோயால் இறந்த பிறகுதான் உலகம் இதைக் கூர்ந்து கவனித்தது. அவற்றின் நுரையீரலில் இருந்தது மனிதக் காசநோய்க் கிருமியேதான். பிறகு நேபாளத்தின் சித்வானிலும், தென்னிந்தியாவில் வளர்க்கப்படும் யானைகளிடமும் நோய் அறியப்பட்டது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் காட்டில் இறந்துகிடந்த யானைகளின் உடலிலும் கிருமி கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சிகிச்சை நமக்குத் தரும் மருந்துகளைக் கொண்டதுதான். ஆனால் ஆறு மாதம் போதாது, ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். கசப்பு நாக்கில் பட்டதும் யானை வாயை மூடிக்கொள்ளும். கவளத்துக்குள் ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துத் துப்பிவிடும் என்பதால் சில மருந்துகளை ஆசனவாய் வழியாகச் செலுத்துகிறார்கள். அந்தச் சிகிச்சையின் தூணான ரிஃபாம்பிசினின் மூலமும் மண்தான். 1957 இல் தென் பிரான்சின் பைன் மரக்காட்டு மண்ணிலிருந்து எடுத்த, ஸ்ட்ரெப்டோமைசிஸின் உறவு பாக்டீரியா ஒன்று அதன் தாய். இன்னொரு உறவும் உண்டு. காசநோய்க் கிருமியும் ஸ்ட்ரெப்டோமைசிஸும் ஆக்டினோபாக்டீரியா என்ற ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. யானையைக் கொல்வதும் காப்பாற்றுவதும் பங்காளிகள்.

உள்ளுக்குள் இவ்வளவு நெருக்கம் இருக்கும்போது ஒன்று மட்டும் ஏன் அழிவின் விளிம்பில் நிற்கிறது? என் பார்வையில் இதற்கு விடை உடலின் அளவில் இல்லை, காலத்தில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பாக்டீரியாச் செல்லின் எடை ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். நல்ல உணவு கிடைத்தால் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். 62 முறை இரட்டித்தால் அதன் எடை நான்கரை டன்னைத் தாண்டிவிடும். ஒரே ஒரு செல் ஐந்தே நாளில் ஒரு யானை எடைக்கு வந்துவிடும் என்பது கணக்கு. உண்மையில் அப்படி நடப்பதில்லை. மண்ணில் உணவு எப்போதும் பற்றாக்குறை. பெரும்பாலான காலம் இந்த உயிர் ஸ்போராகச் சுருண்டு உறங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் வாய்ப்பு வரும்போது இப்படி எழ முடியும் என்பதே அதன் காப்பீடு.

யானைக்கு அந்தக் காப்பீடு இல்லை. சினைக்காலம் 18 முதல் 22 மாதம். பிறக்கும் கன்று நூறு கிலோ. தாய் அடுத்த கன்று ஈன நான்கைந்து ஆண்டுகளாவது ஆகும். பதினைந்து வயதை ஒட்டி முதல் கன்று ஈனும் பிடி ஐம்பது வயதைத் தாண்டியும் ஈன்றால், எல்லாம் நல்லபடி நடந்தால், வாழ்நாளில் ஏழெட்டுக் கன்றுகள். ஆய்வகத் தட்டில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஒரு ஸ்போரிலிருந்து அடுத்த ஸ்போருக்குப் போக ஒரு வாரம் போதும். 22 மாதத்தில் 95 தலைமுறை. அதே 95 தலைமுறையை யானைக்கு எண்ணிப் பார்த்தால், தலைமுறைக்கு 25 ஆண்டு வீதம் ஏறத்தாழ 2,400 ஆண்டுகள். தமிழ்நாட்டுக் குகைகளில் தமிழ் பிராமி எழுத்துகளைப் பொறித்த காலத்துக்கும் முன்னே போய்விடுகிறோம். ஒரு கன்று கருவறையில் இருக்கும் நேரத்துக்குள், மண்ணுயிர் தன் இனத்தின் இரண்டாயிரமாண்டு வரலாற்றை நடத்தி முடித்துவிடுகிறது.

யானையின் இந்த மெதுவை முதலில் கணக்காக்கியவர் டார்வின். அறியப்பட்ட விலங்குகளில் மிக மெதுவாகப் பெருகுவது யானை என்பதால், பெருக்கத்தின் ஆற்றலைக் காட்ட அதையே எடுத்தார். முப்பது வயதில் தொடங்கித் தொண்ணூறு வரை ஆறு கன்று ஈன்றால்கூட, 740 முதல் 750 ஆண்டுகளில் ஓர் இணையிலிருந்து ஏறத்தாழ 1.9 கோடி யானைகள் வந்துவிடும் என்று எழுதினார். 1859 இல் முதலில் அவர் வெளியிட்ட கணக்கு வேறு. வாசகர்கள் பிழையைச் சுட்டிக்காட்டிய பிறகு திருத்தப்பட்டது இது. யானையே உலகை நிரப்பக்கூடும் என்றால் மற்ற உயிர்களின் பெருக்கத்தை இயற்கை எவ்வளவு கண்டிப்பாக வெட்டுகிறது பாருங்கள் என்பது அவருடைய வாதம். அந்தக் கணக்கை இன்று தலைகீழாகப் படிக்க வேண்டிய நிலை. டார்வினுக்கு எந்த வெட்டும் இல்லாமல் 750 ஆண்டு தேவைப்பட்டது. நம்மிடம் ரயில் தண்டவாளம், திருட்டு மின்வேலி, தீனிக்குள் வைக்கும் நாட்டு வெடியான அவுட்டுக்காய், தந்தத்துக்கான துப்பாக்கி என்று ஒவ்வோர் ஆண்டும் வெட்டு விழுகிறது. யூப்ரடீஸ், டைக்ரிஸ் கரைகளிலிருந்து சீனத்தின் மஞ்சள் ஆறு வரை பரவியிருந்த இனம் இன்று 13 நாடுகளின் காட்டுத் துண்டுகளில் 40,000 முதல் 50,000 என்ற அளவுக்கு ஒடுங்கியிருக்கிறது.

எண்ணிக்கை குறைவதோடு துயரம் முடிவதில்லை. ஆசிய யானையில் பிடிக்குத் தந்தம் இல்லை. களிறுகளிலும் எல்லாவற்றுக்கும் இல்லை. தந்தமில்லாத களிறை மக்னா என்கிறோம். ஆகவே தந்த வேட்டைக்காரன் சுடுவது கொம்பனை மட்டும். கேரளத்தின் பெரியாறு காப்பகத்தில் 1990களில் எண்ணிப் பார்த்தபோது, வளர்ந்த ஆண் ஒன்றுக்குப் பெண்கள் நூறு என்ற நிலை இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் காடு நிறைய யானை. உள்ளே, அடுத்த தலைமுறைக்குத் தந்தையாகக்கூடியவை விரல்விட்டு எண்ணும் அளவு. 'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்று நாம் பெருமையாகச் சொல்லிவந்தோம். இறந்தால் கிடைக்கும் அந்த ஆயிரம் பொன்தான் பெரியாற்றில் நூறுக்கு ஒன்று என்ற கணக்கை எழுதியது.

இந்த இடத்தில் பாக்டீரியாவின் சுதந்திரம் பொறாமைப்படத் தக்கது. ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கு ஆணும் தேவையில்லை, பெண்ணும் தேவையில்லை. ஒரே ஒரு ஸ்போர் மிஞ்சினாலும் குலம் தழைக்கும். மரபணுவில் புதுமை வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் வேற்று இனத்து பாக்டீரியாவிடமிருந்துகூட ஒரு துண்டு டி.என்.ஏ.வை வாங்கிக்கொள்ளும். யானைக்கு மரபணு வரும் வழி தாய், தந்தை என்ற இரண்டே வாசல். அதற்காகத்தான் களிறு பருவத்தில் கூட்டத்தை விட்டுப் பிரிந்து தொலைதூரம் நடக்கிறது. ஒரு பள்ளத்தாக்கின் யானைகள் மறு பள்ளத்தாக்கின் யானைகளோடு கலப்பதற்கு இருக்கும் ஒரே வழி அந்த நடை. முதுமலையை ஒட்டிய சீகூர் சமவெளியில் யானை வழித்தடத்தை உறுதிசெய்து 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, விடுதிகளை அகற்றுவது பற்றியே அதிகம் பேசப்பட்டது. உயிரியல் கண்ணால் பார்த்தால், அந்தக் குறுகிய நிலம் இரண்டு யானைத் திரள்களின் மரபணுக்கள் சந்திக்கும் வாசல். அதில் கம்பிவேலி போட்டால், பாக்டீரியாவைப் போல அண்டை வீட்டுக்காரனிடம் கடன் வாங்கிச் சமாளிக்க யானையால் முடியாது.

உடல் பெரிதாக இருப்பதற்கு யானை ஒரு விலை கொடுத்திருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்கள் அதிகம், ஆயுளும் அதிகம் என்றால் புற்றுநோய் மலிய வேண்டும். யானைக்கு அப்படி இல்லை. சேதமான செல்லை அழிக்க ஆணையிடும் பி53 என்ற மரபணு மனிதனுக்கு ஓர் இணை. யானைக்கு அதன் பிரதிகள் இருபது இணை அளவில் இருப்பதை 2015 இல் கண்டறிந்தார்கள். செல் பெருகுவது பாக்டீரியாவுக்கு வெற்றி. யானையின் உடலுக்குள் ஒரு செல் அப்படிப் பெருகத் தொடங்கினால் அது கலகம், அடக்கியாக வேண்டும்.

ஆனால் பாக்டீரியா தனிமனிதன், யானை கூட்டுக் குடும்பம் என்று பிரித்துவிடக் கூடாது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் மண்ணுக்குள் பூஞ்சை போல இழை இழையாகக் கிளைத்து வளர்கிறது. உணவு தீரும்போது கீழே இருக்கும் இழைகள் தம்மைத் தாமே கரைத்துக்கொள்கின்றன. அந்தச் சத்தை உண்டு மேலே காற்றில் எழும் இழைகள் ஸ்போர்களாக உடைகின்றன. 2020 இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். ஒரே கூட்டத்தில் சில செல்கள் தம் குரோமோசோமின் ஓரத்தில் பத்து லட்சம் எழுத்துகள் வரை இழந்துவிடுகின்றன. அவற்றால் நன்றாக இனம் பெருக்க முடியாது. ஆனால் மற்றவற்றைவிட அதிகமாக ஆன்டிபயாட்டிக் சுரக்கின்றன. தான் பெருகாமல் கூட்டத்துக்குக் காவல் நிற்கும் செல்கள் என்று அவற்றைச் சொல்லலாம். ஜியோஸ்மினுக்கும் இதில் பங்குண்டு. அந்த மணத்தால் ஈர்க்கப்பட்டு வரும் கொலம்போலா என்ற துள்ளும் சிற்றுயிர்கள் பாக்டீரியாவைத் தின்று, ஸ்போர்களைச் சுமந்துகொண்டு போய் வேறிடத்தில் விடுகின்றன என்பதும் அதே ஆண்டு தெரியவந்தது. நாம் ரசிக்கும் மண்வாசனை, பயணத்துக்கு அது கட்டும் கூலி.

யானைக் கூட்டத்தில் காவல் நிற்பது மூத்த பிடி. அதன் சொத்து மரபணுவில் எழுதப்படாதது: எந்த வறட்சியில் எந்த ஓடையில் தண்ணீர் மிஞ்சும், எந்தப் பக்கம் போனால் ஆபத்து என்ற அறிவு. இதற்குத் தெளிவான சான்று ஆசிய யானையின் ஆப்பிரிக்க உறவினரிடமிருந்து வந்தது. தான்சானியாவின் தரங்கிரே தேசியப் பூங்காவில் 1993 இல் கடும் வறட்சி வந்தது. கண்காணிப்பில் இருந்த 81 கன்றுகளில் 16 ஒன்பது மாதத்துக்குள் இறந்தன. பூங்காவை விட்டு வெளியே தண்ணீர் தேடிப் போன கூட்டங்களில் கன்றுகள் அதிகம் பிழைத்தன. அந்தக் கூட்டங்களில், 1958 முதல் 1961 வரை நீடித்த முந்தைய வறட்சியைக் கண்டிருக்கக்கூடிய வயதுடைய பிடிகள் இருந்தன. வேட்டையில் மூத்தவற்றை இழந்திருந்த கூட்டம் இருந்த இடத்திலேயே நின்று கன்றுகளைப் பறிகொடுத்தது. முதிய பெண் யானை ஒன்று இறந்தால் கணக்கில் ஒன்று குறைகிறது. முப்பத்தைந்து ஆண்டு நினைவு எந்தக் கணக்கிலும் ஏறாமல் போய்விடுகிறது.

இனி அழிவு என்ற சொல்லுக்கு வருகிறேன். சிவப்புப் பட்டியலில் விலங்கு உண்டு, செடி உண்டு, பூஞ்சையும் உண்டு. பாக்டீரியா இல்லை. அதற்கு ஒரு பழைய கருத்தும் காரணம். 1934 இல் பாஸ் பெக்கிங் என்ற இன்னொரு நெதர்லாந்துக்காரர், நுண்ணுயிர்களில் எல்லாம் எங்கும் உண்டு, ஆனால் எது வாழ வேண்டும் என்பதைச் சூழல் தேர்ந்தெடுக்கிறது என்றார். எங்கும் இருப்பது எப்படி அழியும்? நல்ல மண் ஒரு கிராமில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும்போது, எதைத் தேடி எதைக் காணோம் என்று சொல்வது? அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் வளரவே மறுக்கின்றன. ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பரவலான பாக்டீரியாவுக்குப் பாஸ் பெக்கிங் சொன்னது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் எல்லா பாக்டீரியாவும் அப்படி ஊர் சுற்றுபவை அல்ல. நுண்ணுயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒரு தனி நிபுணர் குழுவைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2025 இல் அமைத்தது. மிகத் தாமதமான, ஆனால் சரியான முடிவு.

யானையை எண்ணுவதே எளிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2017 இல் இந்தியா முழுவதும் கண்ணால் பார்த்தும் சாணத்தைக் கணக்கிட்டும் சொன்ன எண் ஏறத்தாழ 30,000. 2025 இல் டேராடூனின் இந்திய வனவிலங்கு நிறுவனம் டி.என்.ஏ. வழியில் சொன்ன எண் 22,446. எட்டு ஆண்டில் ஏழாயிரம் யானை செத்துவிட்டது என்று இதைப் படித்தால் தவறு. முறையே வேறு, இரண்டையும் கழித்துப் பார்க்க முடியாது. புதிய முறையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சாண மாதிரிகளைச் சேகரித்து, அவற்றில் ஒட்டியிருக்கும் யானைக் குடலின் செல்களிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்து, எந்தச் சாணம் எந்த யானையுடையது என்று அடையாளம் கண்டார்கள். இத்தகைய சோதனைகளில் டி.என்.ஏ.வைப் பெருக்கப் பயன்படும் நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீரூற்றில் 1960களில் கிடைத்த ஒரு பாக்டீரியாவின் கொடை. யானையை எண்ணித் தருவதற்கும் பாக்டீரியாவே கைகொடுக்கிறது.

அந்தச் சாணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். யானை நாளொன்றுக்கு 150 கிலோ அளவில் தின்கிறது. அதில் பாதிகூடச் செரிப்பதில்லை. புல்லையும் பட்டையையும் செரிக்கும் நொதி யானையிடமே கிடையாது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்துத் தரும் அமிலங்களை உறிஞ்சித்தான் அந்தப் பேருடல் நிற்கிறது. அந்த அமிலங்களில் ஒன்று, கிளைவர் யானைக்கு எதிர்முனையில் நிறுத்திய பாக்டீரியா செய்யும் அதே பியூட்டிரிக் அமிலம். டெல்ஃப்ட்டின் அந்த வாக்கியத்தில் இரண்டு கோடியில் நின்றவை, முதுமலையில் ஒரே தோலுக்குள் இருக்கின்றன. சாணமாக விழுந்த பிறகு விதைகளோடும் எஞ்சிய நாரோடும் அது மண்ணுக்குப் போகிறது. யானை நின்ற காடுகளின் மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கு அது விருந்து.

குடலுக்கு வெளியே வாழ முடியாத நுண்ணுயிர்களுக்கு யானைதான் நிலம். மாமத் யானை அழிந்தபோது அதன் குடலை மட்டுமே வீடாகக் கொண்டிருந்தவையும் கூடவே போயிருக்க வேண்டும். ஆசிய யானைக்கும் அதுவே நேரும். சண்டிகரில் 1986 இல் தொடங்கிய நுண்ணுயிர் சேமிப்பகத்தில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனங்கள் உறையவைத்து உலர்த்திய பொடியாகக் கண்ணாடிக் குப்பிகளில் இருக்கின்றன. குப்பியை உடைத்து ஒரு சொட்டுச் சத்துநீர் விட்டால் சில நாளில் தட்டெங்கும் வெண்துகளாகப் படர்ந்து மண்வாசனை வீசும். யானையிடமிருந்து அப்படி உறையவைக்கக் கூடியது விந்தும் திசுவும் மட்டுமே.

பிறந்து சில மாதமான கன்று, தாயின் சாணத்தைத் துதிக்கையால் எடுத்து வாயில் வைக்கும். பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். இலையைச் செரிக்கும் பாக்டீரியாக்களைத் தன் தாயிடமிருந்து அது பெற்றுக்கொள்ளும் நேரம் அது. அவள் தன் தாயிடமிருந்து பெற்றிருந்தாள்.